தக்காளிக்காரம்மாவின் நம்பர் தப்பாம்!

போன சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஒரு வீட்டு கராஜில் உட்கார்ந்து ஆப்பிரிக்காவை முன்னேற்றிக்கொண்டிருந்தோம்.

சிரிக்காதீர்கள். இந்த ஊரில் சனிக்கிழமை காலை எல்லோரும் எதையாவது முன்னேற்றிக்கொண்டுதான் இருப்பார்கள். சிலர் புல்வெளியை. சிலர் பிள்ளைகளின் கணக்கு மார்க்கை. நாங்கள் கொஞ்சம் பெரிதாக யோசித்துவிட்டோம்.

கராஜ், முரளி அண்ணாவுடையது. பொள்ளாச்சிக்காரர். பெரிய கம்பெனியில் ஆர்க்கிடெக்ட் – வீடு கட்டுகிறவர் இல்லை, மென்பொருள் கட்டுகிறவர். வார நாட்களில் வேலை, வார இறுதியில் ஸ்டார்ட்அப். டெக்சாஸின் பிளானோவிலிருந்து வீடியோவில் வரும் கணேஷ் இன்னொரு பார்ட்னர். நான் மூன்றாவது. ஆப்பின் திரைகளை எழுதுவது என் வேலை.

எனக்கு இன்னொரு பதவியும் உண்டு. ஸ்டார்ட்அப்பை விளக்கும் எங்கள் ஸ்லைடில் நாலாம் பக்கம், என் படத்துக்குக் கீழே... 'அனுபவ ஆலோசகர்'. என்ன அனுபவம்? எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் வேலை பார்த்தவர்கள். தாலுகா ஆபீஸில் வாங்கிய 'முதல் பட்டதாரி' சான்றிதழை லேமினேட் செய்து கலிஃபோர்னியா வரை கொண்டுவந்திருக்கிறேன். டிகிரி சர்டிஃபிகேட்டைக் கேட்டால் தேட வேண்டும். இது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆகவே, ஏழை எளியவர்களைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்பது முரளி அண்ணாவின் எண்ணம்.

உண்மையைச் சொன்னால், என் எண்ணமும் அதுதான்.

சரி, ஆப்பிரிக்கா. நாங்கள் ஆப்பிரிக்கா என்று சொல்வது கானாவில் ஒரே ஒரு சந்தை ஊரை. அங்கே அபேனா என்று ஒரு பத்திரிகையாளர். ஏதோ ஒரு மாநாட்டின் காபி வரிசையில் முரளி அண்ணாவுக்குப் பழக்கமானவர். அவர் நடத்துவது பேப்பர் இல்லை, சேனல் இல்லை. ஒரு போன் நம்பர்! அதற்கு மிஸ்டு கால் கொடுத்தால், திருப்பி அழைப்பு வரும். எடுத்தால் உள்ளூர் பாஷையில் மூன்று நிமிடச் செய்தி. எந்தக் கிழமை டாக்டர் வருகிறார், மழையில் எந்த ரோடு போய்விட்டது, சந்தையில் தக்காளி என்ன விலை. ரிப்பேர் முடிந்தது என்று காகிதத்தில் மட்டும் எழுதப்பட்டிருந்த ஓர் அடிபம்பைப் பற்றி ஒருமுறை செய்தி போட்டார்கள். மறுவாரம் பம்பில் தண்ணீர் வந்தது.

இதற்கு எழுத்துத் தெரிய வேண்டாம். கேட்கிறவருக்குச் செலவும் இல்லை.

அபேனா எங்களிடம் கேட்டது ஒரே ஓர் உதவி. சந்தை நாளில் நூறு பேர் சேர்ந்தாற்போல் மிஸ்டு கால் கொடுத்தால் சிஸ்டம் படுத்துவிடுகிறது. அவர்களை வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராகத் திருப்பி அழைக்க ஒரு வழி செய்து தர முடியுமா?

நாங்கள் ஆப் செய்து கொடுத்தோம்.

தலைவலி என்று வந்தவருக்குத் தொப்பி தைத்துக் கொடுத்த மாதிரி!

எங்கள் ஸ்லைடில் மிஸ்டு கால் எந்தப் பக்கத்தில் இருந்தது தெரியுமா? 'பிரச்சினைகள்' பக்கத்தில். 'பழைய தொழில்நுட்பம்' என்று சிவப்பு எழுத்தில். மக்கள் ஆப்புக்குப் பழக வேண்டும் என்று சொல்லி, எங்கள் சர்வருக்கு மாற்றியிருந்த அந்த நம்பரை ஒரு மாதத்துக்கு நிறுத்தியும் வைத்தோம். அபேனா தயங்கித்தான் ஒப்புக்கொண்டார். மாதம் முடிந்தது. நம்பரை மறுபடி திறப்பதா, ஒரேயடியாக மூடுவதா? போன சனிக்கிழமை கராஜில் முடிவாக வேண்டியது இதுதான்.

"கணேஷ், டேஷ்போர்டு போடுங்க," என்றார் முரளி அண்ணா.

பதினாலு யூசர்கள்.

"ஆரம்பத்துல பதினாலுங்கறது மோசமில்லைங்க!" என்றார் அவரே.

திரையின் ஓரத்தில் அபேனா. பின்னால் சந்தை இரைச்சல். அங்கே மாலை நேரம். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன். "அந்தப் பதினாலு பேரில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லை."

கணேஷ் பட்டியலைத் திறந்தார். முரளி அண்ணாவின் மச்சான், நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவே. மச்சானின் மனைவி, பிஸ்கட்டவே. கணேஷோடு டென்னிஸ் ஆடுகிறவர்கள், பிளானோ. கடைசியில்... நான். கானாவின் செய்திப் பசியை நியூ ஜெர்சியில் தீர்த்துக்கொண்டிருக்கிறோம்!

"யூசர் எஜுகேஷன் பத்தலைங்க. ஒரு ட்ரெய்னிங் வீடியோ போட்டுரலாம்," என்றார் முரளி அண்ணா.

"அனிமேஷன்ல பண்ணலாம் அண்ணா. ஒரு சிங்கம் வந்து சொல்ற மாதிரி," என்றார் கணேஷ்.

சிங்கம்!

போண்டாத் தட்டோடு வந்த வித்யா அக்கா, முரளி அண்ணாவின் மனைவி, திரையைப் பார்த்துவிட்டு நின்றார். "ஏனுங்க, அந்தம்மா என்னமோ சொல்ல வர்றாங்க. நீங்களே பேசிட்டிருந்தா அவங்க எப்பத்தான் பேசுவாங்க?"

அபேனா, பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணின் போனை வாங்கி கேமரா முன் பிடித்தார். தக்காளி விற்கிறவராம். போனில் எங்கள் ஆப்பின் முதல் திரை. நம்பர் போடும் கட்டம். அதன் கீழே சிவப்பில், ஆங்கிலத்தில் – 'தவறான எண். சரியான எண்ணைக் கொடுக்கவும்.'

"பதினோரு வருஷமாக இவர் வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுப்பது இந்த நம்பர்தான். எல்லோருக்கும் போன் போகிறது. கலிஃபோர்னியாவிலிருந்து நீங்கள் மட்டும் தப்பு என்கிறீர்கள். எது சரியான நம்பர் என்று சொன்னால் மாற்றிக்கொள்கிறாராம்."

தக்காளிக்காரம்மா கூடவே ஏதோ சொன்னார். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று கணேஷ் கேட்டார்.

"வேண்டாம்," என்றார் அபேனா, சிரித்துக்கொண்டே.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "போன வாரம் டாக்டர் வரவில்லை. அதைச் சொல்ல எங்களுக்கு நம்பர் இல்லை. காய்ச்சலில் இருந்த மகளைத் தூக்கிக்கொண்டு இவர் இரண்டு மணி நேரம் நடந்து போய், பூட்டின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்."

நான் அந்த நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூஜ்ஜியத்தில் தொடங்கியது. கானாவில் மொபைல் நம்பரை எழுதும் வழக்கமே அப்படித்தான். எல்லோருக்கும் முதலில் பூஜ்ஜியம்.

'பூஜ்ஜியத்தில் தொடங்கினால் தவறு என்று சொல்.' இந்த வரியை எழுதியது யார்? இந்தியாவில் மொபைல் நம்பர் பூஜ்ஜியத்தில் தொடங்குகிறதா? இல்லை. அமெரிக்காவில்? இல்லை. அப்புறம் உலகத்தில் வேறென்ன மிச்சம் இருக்கிறது... என்று நினைத்து எழுதியவள், ஸ்லைடில் நாலாம் பக்கத்து அனுபவ ஆலோசகர்.

உடனே எழுந்து ஒப்புக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை. ஒரு போண்டா எடுத்தேன். சட்னி தொட்டேன்.

எங்களைப் போன்ற முதல் பட்டதாரிகளுக்கு ஒரு வியாதி உண்டு. நாம் ஒரு தப்பு செய்தால் 'இதுக்குத்தான் இவங்களையெல்லாம்...' என்று சொல்ல யாரோ காத்திருப்பதாகவே தோன்றும். அதனால் தப்பே செய்யாதவர்களாக வாழ்ந்துவிடப் பார்ப்போம். ரொம்ப வசதியான வியாதி. பெருமை மாதிரியே இருக்கும்.

"ரெண்டும் இருந்தா யாரும் ஆப்புக்கு வர மாட்டாங்க. பழைய நம்பரை மூடிரலாம்ங்களா? கை தூக்குங்க," என்றார் முரளி அண்ணா.

பிளானோவில் ஒரு கை உயர்ந்தது. என் கையில் பாதி போண்டா. திரையில் அபேனா கட்டத்துக்குக் கட்டம் எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா... தப்பு அவங்க மேல இல்ல. அந்தக் கட்டம் நான் எழுதினது. ஜீரோல ஆரம்பிச்சா ரிஜெக்ட் பண்ணுது. ஒரு மாசமா அந்த ஊர்ல ஒருத்தர்கூட உள்ள வந்திருக்க முடியாது." அபேனாவுக்காக ஆங்கிலத்திலும் சொன்னேன்.

"அப்ப... யூசர்கிட்ட பிராப்ளமே இல்லைங்களா?" முரளி அண்ணாவின் குரலில் நிஜமான ஏமாற்றம்.

"இதை ஆஃப்லைன்ல பேசிக்கலாமே," என்றார் கணேஷ். எங்கள் தொழிலில் அதற்குப் பொருள், அபேனா இல்லாத இடத்தில் பேசலாம் என்பது.

"வேணாம், அவங்க முன்னாடியே பேசலாம். அண்ணா, நீங்க வேலைக்குப் பெங்களூரு போன புதுசுல, போய்ச் சேர்ந்துட்டேன்னு வீட்டுக்கு எப்படிச் சொல்வீங்க?"

முரளி அண்ணா யோசித்தார். வித்யா அக்கா யோசிக்கவே இல்லை. "மிஸ்டு கால்தான்! நிச்சயம் ஆனப்புறம் எனக்கும் அதேதான். ஒரு காலாவது முழுசாப் பண்ணியிருப்பாரா இந்த மனுசன்?"

எங்கள் வீட்டிலும் அதேதான். ஹாஸ்டலிலிருந்து ஒரு தடவை அடித்தால், வந்து சேர்ந்தேன். இரண்டு தடவை அடித்தால், நீ கூப்பிடு. எழுத்தே தெரியாத என் அம்மா இதில் ஒருநாளும் பிழை விட்டதில்லை. அந்த மிஸ்டு காலைத்தான் சிவப்பில் 'பிரச்சினை' என்று போட்டு, அடுத்த பக்கத்திலேயே என் படத்தையும் போட்டிருந்தோம். நானும் அந்தப் படத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

கணேஷின் கை மெல்ல இறங்கியது. அன்று மதியமே நம்பரைத் திறந்தோம். ஞாயிற்றுக்கிழமை நான் உட்கார்ந்து அபேனா கேட்ட அந்த வரிசையைச் செய்து முடித்தேன். ஒரு நாள் வேலை! அதைச் செய்யாமல் இருக்கத்தான் ஐந்து மாதம் உழைத்திருக்கிறோம்.

முரளி அண்ணா அசருகிற ஆளா? புதன்கிழமையே புது ஸ்லைடு வந்துவிட்டது. 'மிஸ்டு கால்: நாளைய தொழில்நுட்பம்.' சிவப்பு எழுத்து பச்சையாகிவிட்டது. நாலாம் பக்கத்தில் என் படம் அப்படியே. அதை எடுத்துவிட்டு, முதல் பக்கத்தில் அபேனாவின் பெயரைப் போடச் சொன்னேன்.

"அவங்ககிட்ட கேக்கணும்ங்களே..."

"கேளுங்கண்ணா. முதல்ல இருந்தே அதைத்தான் பண்ணியிருக்கணும்."

வியாழக்கிழமை அங்கே சந்தை நாள். அபேனாவிடம் முன்பே பேசி வைத்திருந்தேன். சிஸ்டம் தாங்கினால் எனக்கு ஒரு தடவை அடியுங்கள், படுத்துவிட்டால் இரண்டு தடவை. அங்கே சந்தை கலைகிற நேரம், இங்கே நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கானா நம்பர். நின்றது. பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு இன்னொன்று வருகிறதா என்று காத்திருந்தேன். ஐந்து நிமிடம்... பத்து நிமிடம்...

வரவில்லை.

முதல் தடவை அடித்தபோதே எடுத்து "தாங்கிச்சா?" என்று கேட்கக் கை துடித்தது. எடுக்கவில்லை. மிஸ்டு காலை எடுக்கக் கூடாது என்கிற அளவுக்காவது நான் படித்தவள்தானே!