வேப்பமரத்தடியில் கிடந்த செருப்புகள்

என் அப்பா எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பார், பீடியை மட்டும் விடமாட்டார். எம். புதுப்பட்டி போகிற வழியில் இருந்த முதியோர் இல்லத்தில் அவரைச் சேர்த்த அன்றே, அதை நடத்திவந்த பெண், "இங்கன பீடி சிகரெட்டுக் கூடாதுய்யா" என்று கண்டிப்பாகச் சொன்னாள். அப்பா பவ்வியமாகத் தலையாட்டினார். மறுநாளே, பின்னால் பூட்டிக் கிடந்த ஹாலின் சுவரோரம் தனக்கு ஓர் இடம் பிடித்துவிட்டார். பக்கத்துக் கட்டில்காரரும் அவருக்குக் கூட்டு. அவருக்கென்று யாரும் இல்லாததால் அப்பாவின் பீடிதான் அவருக்கும். திட்டிக்கொண்டே வாங்கிக் கொடுப்பது நான். வயதான மனிதரோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

அந்த இல்லம் ஓடியது பட்டாசுக் காசில். முதலாளி வீட்டில் பிறந்தநாள் என்றால், திதி என்றால், அன்றைய சாப்பாடு அவர்கள் செலவு. மற்ற நாட்களை எங்களைப் போன்றவர்கள் கட்டுகிற மாதக் காசில் ஒப்பேற்றுவார்கள். பிறகு பட்டாசு ஆர்டர் படுத்தது. சிவகாசியில் ஆர்டர் படுத்தால் முதலில் நிற்பது தானம். பாயசம் நின்றது, முட்டை நின்றது, படுக்கை மாற்றிவிடுகிற ஆயாவும் நின்றாள். மாதக் காசைக் கூட்டினார்கள். கட்ட முடியாதவர்கள் தங்கள் ஆட்களை அழைத்துப் போய்விட, இருப்பவர்களுக்கு இன்னும் கூட்டினார்கள். நான் காலண்டர் பிரஸ்ஸில் பைண்டிங் வேலை பார்ப்பவள், குடியிருப்பது ஒற்றை அறையில். பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினேன்.

தீபாவளி நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது, "பின்னாடி ஹாலை வாடகைக்கு விட்டாச்சுக்கா, காலண்டர் அட்டை வைக்காக" என்றாள் அந்தப் பெண். எனக்குச் சந்தோஷம். அட்டை எனக்குப் பழகிய சரக்கு. கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி யோசனை வேறு சொன்னேன்.

அப்பாவைத் தேடிப் பின்பக்கம் போனேன். லோடு வேனிலிருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் வெறுங்கால். செருப்புகள் தள்ளி வேப்பமரத்தடியில் கிடந்தன. வெளியூர்க்காரர் பார்த்தால் ஏதோ சாமி காரியம் என்று நினைத்திருப்பார். எங்கள் பிரஸ்ஸில் அட்டைக் குடோனுக்குள் யாரும் செருப்பைக் கழற்றியதில்லை. இந்தப் பக்கத்தில் செருப்பைத் தள்ளிக் கழற்றிப் போடுவது வெடிமருந்துக்குத்தான். செருப்பில் ஒட்டிய மண் உரசினாலே பற்றிக்கொள்ளும்.

ஹாலைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். சுவரின் மறுபக்கம் அப்பாவும் கூட்டாளியும் குந்தியிருந்தார்கள். அப்பா வாயில் பீடி புகைந்துகொண்டிருந்தது. அதைப் பிடுங்கினேன். கீழே போடப் பயந்து உள்ளங்கையிலேயே நசுக்கினேன். "இனி இங்கன குடிக்கக் கூடாது" என்று கத்தினேன். வழக்கமாகத் திட்டுவதுதானே என்று இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஓடிப்போய் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "உள்ள இருக்கது அட்டையா?"

அவள் நிமிரவில்லை. "தீபாவளி வரைக்குந்தான்னு சொன்னாகக்கா. அந்த வாடகை இல்லைன்னா உலை வைக்க அரிசி இல்ல. வெளிய தெரிஞ்சா மூடிருவாக. இம்புட்டுப் பேரும் எங்கன போவாக? நானும் இங்கனதான படுத்துக் கிடக்கேன்?"

அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் சத்தம் போட்டிருப்பேன். நான் வாயை மூடிக்கொண்டு அப்பாவின் துணிகளைப் பையில் திணித்தேன். "கொஞ்ச நாள் வீட்ல இருக்கட்டும்" என்று எல்லோரிடமும் பொய் சொல்லி அவரை ஆட்டோவில் ஏற்றினேன். என் ஆள் தப்பித்தால் போதும், மற்றவர்களை நினைக்கவே கூடாது என்றிருந்தேன்.

ஊருக்குள் நுழையும்போதுதான் அப்பாவின் சட்டைப்பை காலியாக இருப்பதைப் பார்த்தேன்.

"பீடியும் தீப்பெட்டியும் எங்கப்பா?"

"அவன்கிட்டக் குடுத்துட்டேன் தாயி. பாவம், இனி அவனுக்கு யாரு வாங்கித் தருவா? ஹாலோரம் போயி நிம்மதியாக் குடிப்பான். வையறதுக்குத்தான் நீயும் இல்லையே."

ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன். வழியெல்லாம் போன் போட்டேன், அந்தப் பெண் எடுக்கவில்லை. எங்கேயாவது சத்தம் கேட்கிறதா, புகை எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். இல்லம் கண்ணில் பட்டதும் அழுதுவிட்டேன். கேட்டிலிருந்தே ஹாலில் என்ன இருக்கிறதென்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அப்பாவின் கூட்டாளி சுவரோரம்தான் இருந்தார். தீப்பெட்டி அவர் கையில் திறந்திருந்தது. பிடுங்கிக்கொண்டேன்.

நடக்க முடிந்தவர்களைக் கையைப் பிடித்தும், முடியாதவர்களைக் கட்டிலோடும் வாசலுக்குக் கொண்டுவந்தோம். பெட்டி இறக்கியவர்களும் தூக்கினார்கள். அந்தப் பெண் படியில் உட்கார்ந்து அழுதாள். இல்லம் இனி இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கட்டிலில் கிடந்த ஓர் அம்மாள் என் சேலையைப் பிடித்து இழுத்தார்.

"எங்களைக் காப்பாத்திட்ட தாயி. இன்னைக்குப் பொழுதடைஞ்சா எங்கன கொண்டு போயி விடுவ?"

என்னிடம் இருந்தது ஒற்றை அறை. என் சேலையை அவர் விடவில்லை.