ரோஸ் வேட்டி மாமன்

போன சனிக்கிழமை மத்தியானம் வாஷிங் மெஷின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதன் கண்ணாடிக் கதவைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"திற தாயே... திற."

பக்தியெல்லாம் ஒன்றுமில்லை. உள்ளே என் தங்கச்சி மகளின் தோடு சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை குன்றாண்டார்கோவில் ஊரில், தங்கச்சி மல்லிகா வீட்டில், அவள் மகள் யாழினிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். முதல் தோடும் மாமன் கொண்டுபோவதுதான். அந்த மாமன் அடியேன்.

மல்லிகாவின் மாமியார் லேசுப்பட்டவர் இல்லை. கல்யாணச் சீரில் நாங்கள் வைத்த குத்துவிளக்குகளில் ஒன்று இன்னொன்றைவிடக் கொஞ்சம் குட்டை என்பதை இன்றைக்கும் மறக்காதவர். நான் வெறுங்கையோடு போய் நின்றால் எனக்கு என்ன ஆகிவிடும்? சாப்பிட்டுவிட்டு எங்கள் ஊர் கீரனூருக்கு பஸ் ஏறிவிடுவேன். அந்தப் பேச்சைக் காலத்துக்கும் கேட்கப்போகிறவள் மல்லிகாதான்.

அதனால் பொறுப்பாகத் தோடு வாங்கினேன். பொறுப்பாகக் கோயிலுக்கும் கொண்டுபோனேன். புது நகையை அம்மன் காலடியில் வைத்து வாங்காமல் எங்கள் வீட்டில் யாரும் போடுவதில்லை. பூசாரி தோட்டையும் குங்குமத்தையும் ஒரே காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். தாராள மனசு... குங்குமம் அள்ளி வைத்திருந்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்து வந்தேன். வேர்வையில் குங்குமம் இளகி, வெள்ளைச் சட்டையில் நெஞ்சுக்கு நேராக ரத்தச் சிவப்பு.

வாசலில் என்னைப் பார்த்த என் மனைவி சித்ரா அலறிவிட்டாள்.

"ஏங்க! என்னாச்சு? எங்க விழுந்தீங்க?"

"குங்குமம்."

"அடச்சீ... ஒரு நிமிஷத்துல உசுரு போயிருச்சு!"

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் சட்டையைக் கழற்றி நேராக மெஷினில் போட்டேன். முக்கால்வாசி மெஷின் காலியாகக் கிடந்தது. தண்ணீர் வீண்தானே? நாளைக்குக் கட்ட எடுத்து வைத்திருந்த வெள்ளை வேட்டி, சட்டை, பனியன் எல்லாவற்றையும் கூடவே திணித்தேன். சிக்கனம்!

இது புது மெஷின். பட்டுக்கு ஒரு புரோகிராம், ஜீன்ஸுக்கு ஒன்று, குழந்தைத் துணிக்கு ஒன்று, விளையாட்டு உடைக்கு ஒன்று. நான் கடைசியாக விளையாடியது எப்போது என்று எனக்கே ஞாபகம் இல்லை. ஆனாலும் இருக்கட்டும் என்று கொடுத்திருக்கிறார்கள். 'கறை நீக்க' என்று ஒன்று இருந்தது. அமுக்கினேன். மூன்று மணி நேரம் என்று காட்டியது. அந்த நேரத்தில் துணியோடு திருச்சிக்கு பஸ் ஏறி, லாண்டரியில் போட்டு, பிரியாணியும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடலாம்.

கொஞ்ச நேரத்தில் மல்லிகா போன் பண்ணினாள்.

"அண்ணே, தோடு பத்திரமா இருக்குல்ல?"

"பத்திரமா இருக்கும்மா. சட்டைப் பை..."

என் பேச்சு பாதியில் நின்றது. மெஷின் நிற்கவில்லை.

"அண்ணே? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்... பின்னால என்ன சத்தம்?"

"நீ குடுத்த பழைய மெஷின்தாண்ணே. கடகடன்னு இன்னும் நல்லா ஓடுது!"

ஆஹா, அந்தப் பழைய மெஷின்! ரெண்டு குமிழ், ஒரு மூடி. ஓடும்போதே மூடியைத் தூக்கி, கையை விட்டு, எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். கரண்ட் இருந்தால் போதும், வைஃபை கேட்காது. அதைப் போய் தானம் கொடுத்தேனே!

ஓடிப்போய் 'பாஸ்' பட்டனை அமுக்கினேன். மெஷின் நின்றது. கதவில் பூட்டுப் படம் மட்டும் அப்படியே எரிந்தது. போனில் ஆப்பைத் திறந்தேன். முதலில் அப்டேட் கேட்டது. அப்புறம் பாஸ்வேர்டு. கடைசியில், 'உங்கள் மெஷின் அனுபவம் எப்படி?' என்று ஐந்து நட்சத்திரத்தை நீட்டியது.

கஸ்டமர் கேரைப் பிடித்தேன்.

"உள்ள தண்ணி இருக்கிற வரைக்கும் கதவு தொறக்காது சார். உங்க சேஃப்டிக்குத்தான்."

"தண்ணிய எப்பம்மா வெளிய விடும்?"

"புரோகிராம் முடிஞ்சதும் சார்."

"நடுவுல நிப்பாட்டிட்டேனே?"

"அப்ப புரோகிராம் முடியாது சார்."

"ஆள் அனுப்புவீங்களா?"

"செவ்வாய்க்கிழமை சார்."

காதுகுத்து ஞாயிற்றுக்கிழமை! ஓடவிட்டால் தண்ணீரோடு தோடும் சாக்கடைக்குப் போகலாம். நிறுத்தினால் கதவு திறக்காது. அப்போதுதான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

சித்ரா வந்து பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"பழைய மெஷினா இருந்தா இந்நேரம்..." என்று ஆரம்பித்தேன்.

"பழைய மெஷினா இருந்தா இந்நேரம் தோடு கொல்லையில வாழைக்கு அடியில கெடக்கும். ஒங்க கல்யாண மோதிரம் எங்கங்க?"

மறந்தே போனேன். பழைய மெஷின் கையை உள்ளே விட அனுமதிக்கும்தான். உள்ளே விழுந்ததை டியூப் வழியாக அதே தாராளத்தோடு வெளியே அனுப்பியும் விடும். என் முதல் மோதிரம் அப்படித்தான் போனது. வாழை மட்டும் நல்லாத்தான் குலை தள்ளியது.

"கொஞ்சம் அங்கிட்டு நகருங்க" என்றாள். பிளக்கைப் பிடுங்கினாள். மெஷினின் அடியில் ஒரு சின்ன மூடியைத் திறந்தாள். அப்படி ஒரு மூடி இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"மெஷின் மாட்ட வந்தவரு இதைத்தானே அவ்வளவு நேரம் காட்டுனாரு? நீங்க மெஷினோட செல்ஃபி எடுத்துக்கிட்டு இருந்தீங்க."

உள்ளேயிருந்து ஒரு குட்டிக் குழாயை இழுத்துவிட்டாள். தண்ணீர் வந்தது. என்ன நிறம் என்கிறீர்கள்? ரோஸ்! பக்கெட் பக்கெட்டாக ரோஸ் மில்க். எல்லாம் வடிந்ததும் பக்கத்தில் இருந்த நாடாவை இழுத்தாள். 'டக்'.

கதவு திறந்தது.

சட்டைப் பையில் காகிதக் கூழ்தான் இருந்தது. சித்ரா கதவு ஓரத்து ரப்பர் மடிப்பில் விரலை விட்டுச் சுற்றினாள். ஒரு தோடு! அப்புறம் அடியில் இருந்த ஃபில்டரைத் திருகி எடுத்தாள். ரெண்டு ஹேர்பின், ஒரு சட்டைப் பட்டன்... நடுவில், திருகாணியோடு பளபளவென்று இன்னொரு தோடு.

அப்பாடா! ஈரத் தரையிலேயே மல்லாந்துவிட்டேன். அந்த மெஷினை அதுவரை என்னவெல்லாம் திட்டியிருந்தேனோ, எல்லாவற்றையும் மனசுக்குள் வாபஸ் வாங்கினேன். வாயைத் திறக்கமாட்டேன் என்று அடம்பிடித்தாலும், அது எதையும் விழுங்கவில்லையே!

ஞாயிற்றுக்கிழமை காலை தோடு குன்றாண்டார்கோவில் போய்ச் சேர்ந்தது. சித்ராவோடு மாமனும் போய்ச் சேர்ந்தான், ரோஸ் வேட்டி, ரோஸ் சட்டையில். மல்லிகாவின் மாமியார் தோட்டைக் கையில் வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல பளபளப்பா இருக்கே. எந்தக் கடை?"

மல்லிகா முகத்தைப் பார்க்கணுமே... தோட்டைவிட அதுதான் பளபளத்தது.

"வேட்டி சட்டை மட்டும் ஏன் தம்பி இந்தக் கலர்ல?" என்றார்.

"இப்ப இதுதான் ஃபேஷன் அத்தே."

காது குத்தும்போது யாழினி ஊரைக் கூட்டினாள். குத்தி முடித்ததும் என் மடியில் வெதுவெதுப்பாக நனைத்து மாமன் கடனைத் தீர்த்தாள். மல்லிகா ஓடி வந்தாள்.

"கழட்டிக் குடுண்ணே. பழைய மெஷின்ல போட்டு ஒரு சுத்து சுத்தித் தாரேன்."

கைலிக்கு மாறினேன். துணியை நானே மெஷினில் அமுக்குவதாகச் சொல்லிவிட்டு, பத்திரமாக இருக்கட்டுமே என்று விரலிலிருந்த ரெண்டாவது மோதிரத்தைக் கழற்றினேன். துவைக்கக் கழற்றிய அதே ரோஸ் சட்டைப் பைக்குள் போடப் போனேன்.

சித்ரா குறுக்கே கையை நீட்டினாள்.

ஃபில்டர் இருக்கிற வீடு உருப்படும் சார்!