ஐவியின் நிறம்

மகள் வீட்டுக்குப் பெங்களூர் போகக் எங்கள் தங்கச் சுரங்க ஊரின் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். எதிரே ஒரு பெண் செல்போனைக் கண்ணாடியாக்கி முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் ஐவி நினைவுக்கு வந்துவிட்டாள்.

ஐவியும் நானும் சுரங்கத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தோம். அவள் ஆங்கிலோ இந்தியப் பெண். நான் கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீட்டுக்காரி. என் அப்பா தினம் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் பூமிக்குள் இறங்குகிறவர். அதனால் அவள் அம்மா என்னை வராந்தாப் படி ஏற விட்டதில்லை. "அங்கியே நில்லு, ஐவி வருவா" என்பார். கேக் மட்டும் படிக்கு வரும். நானும் ரோஷமில்லாமல் தின்பேன். அப்படி ஒரு கேக், உங்களுக்குக் கொடுத்திருந்தாலும் தின்றிருப்பீர்கள்.

இத்தனைக்கும் ஐவி என்னைவிடக் கறுப்பு. அவள் அப்பா, அம்மா, தம்பி மூவரும் வெள்ளைக்காரர் போலவே இருப்பார்கள். எந்தத் தலைமுறையிலிருந்தோ வந்த நிறம் இவளிடம் மட்டும் தங்கிவிட்டது.

அவர்கள் ஆஸ்திரேலியா போக ஆசைப்பட்டார்கள். வெள்ளையாகத் தெரிகிறவர்களுக்குத்தான் அங்கே இடம் என்றிருந்த காலம். அந்த நாட்டு அதிகாரிகள் மதராசில் நேரில் வரச்சொல்லிப் பார்ப்பார்கள். போகுமுன் அம்மாவே ஐவியின் முகத்திலும் கையிலும் பவுடரை அப்பியிருக்கிறார். மதராஸ் வெயிலுக்கு அது எத்தனை நேரம் நிற்கும்? அதிகாரி நாலு பேரையும் பார்த்தார். ஐவியை மட்டும் இன்னொரு தரம் பார்த்தார். மூவருக்கு அனுமதி வந்தது.

"போய்ட்டு என்னை கூப்ட்டுக்கறாங்களாம், மம்மி சொல்றாங்க."

"நீ இன்னா சொன்னே?"

"சரின்னேன். வேற இன்னா சொல்றது?"

அவர்கள் கிளம்பிய காலையில் அவள் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் லைன் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஊரிகம் ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில் கூவியது. பிளக்கைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. காதுக்கருவிக்குள் யாரோ ஹலோ, ஹலோ என்று கத்துகிறார்கள். நான்தான் அந்தக் கையைப் பிடித்து இறக்கினேன். சில்லென்றிருந்தது.

சில வருஷம் கழித்து அந்த நாட்டுச் சட்டம் மாறியது. அம்மா கூப்பிட்டார். "போய்ச் சேருடி" என்று நானும் கெஞ்சினேன்.

"அதே தோலுதானடி இது? சட்டம்தான மாறிச்சு" என்றாள். போகவில்லை. அம்மா அங்கே இறந்தார். ஐவி இங்கேயே, தனியாக இருந்து போய்ச் சேர்ந்தாள்.

போன மாதம், அவளைப் புதைத்த கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். துரைமார் மேட்டில், ஐவியின் ஆட்கள் அதற்குக் கீழே, கூலிக்காரர்கள் வேலிக்கு அப்பால் என்று இருந்த இடம். மேடு கரைந்துவிட்டது. வேலியைக் காணோம். பெயர் எழுதிய கற்களையும் யாரோ பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். எங்கும் முள்.

"ஐவி" என்று ஒருமுறை கூப்பிட்டேன். எந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிடுவது என்றுதான் தெரியவில்லை.