காதுகுத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை

அம்மாவின் படத்திறப்பு விழா அழைப்பிதழ் நேற்றுத் தபாலில் வந்தது. மூன்று முறை படித்தேன். எழுத்துப்பிழை ஏதும் இல்லை. ஆனால் ஒரு பொய் இருக்கிறது. ‘தம் உரிமையை ஒருநாளும் எவருக்கும் விட்டுக்கொடுக்காத வழக்கறிஞர்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். அதற்கு நான்கு வரி கீழே, புகழுரை வழங்குவோரில் முதல் பெயர் என் தாய்மாமாவுடையது.

எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் பத்து வயதில் வந்தது. இது அதற்கு இரண்டு வருடம் முன்பு நடந்ததால் அன்றைய பக்கம் என்னிடம் இல்லை. பதிவு அலுவலகத்தில் மனுப்போட்டு வாங்கிய பத்திர நகல் இருக்கிறது. அதை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கோபத்தில் எழுதினாலும் தப்பாக எழுதிவிடக் கூடாது.

எட்டு வயதாகியும் எனக்குக் காது குத்தியிருக்கவில்லை. மூன்றாம் வகுப்பில் வெறுங்காதோடு இருந்த பெண் நான் ஒருத்திதான். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காராமல் காதுகுத்து கிடையாது. அந்த மடி இரண்டு வருடமாக எனக்குக் கிடைக்கவில்லை. தாத்தா உசிலம்பட்டிப் பக்கம் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய புஞ்சைக் காட்டையும் கிணற்றையும் விட்டுவிட்டு, உயில் எழுதாமல் இறந்துபோயிருந்தார். அதில் தனக்கும் பங்கு உண்டு என்றாள் அம்மா. மாமா ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. தங்கச்சி தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரத்தில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் மருமகளை மடியில் வைத்துக் காது குத்திவிடலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார். அப்பா, அது உங்கள் வீட்டு விவகாரம் என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விட்டார்.

நான் அழுதேன். சாப்பிட மறுத்தேன். மாமா நல்லவர், அம்மாதான் பிடிவாதக்காரி என்று கோரிப்பாளையத்தில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லிவைத்தேன். கடைசியில் அம்மா வருவதாக ஒத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை பதிவு, ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. எது முதலில் என்பதை மாமா சரியாகவே வைத்திருந்தார்.

பதிவு அலுவலகத்துக்குள் நுழைந்ததும் ஏதோ கல்யாண வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று நினைத்தேன். சுவரோரம் நீளமான பெஞ்சு. அதில் ஏழெட்டுப் பெண்கள், எல்லாரும் மடிப்புக் கலையாத புதுச்சேலையில் இருந்தார்கள். அன்று முகூர்த்த நாள். அண்ணன் தம்பிகளுக்கு எழுதிக்கொடுக்க வந்த அக்காள் தங்கைகள் அவர்கள் என்பதும், கையெழுத்துக்கு முதல்நாளே சேலை எடுத்துக் கொடுத்துவிடுவது வழக்கம் என்பதும் எனக்குத் தெரியாது. மாமா எடுத்துக்கொடுத்த பட்டைத் தொடாமல் கோர்ட்டுக்கு உடுத்தும் வெள்ளைச் சேலையில் அம்மா வந்திருந்தது எனக்கு அவமானமாக இருந்தது.

பத்திர எழுத்தர் கையெழுத்துப் போடவேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்துக் கொண்டுவந்தார். அம்மா புள்ளிகளைப் பார்க்கவில்லை. முதல் பக்கத்தைத் திருப்பி, கோர்ட்டில் பேசும் குரலில், முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். நான்கெல்லை, கிணறு, கிணற்றுக்குப் போகும் பாதை, வேம்பு இரண்டு, புளி ஒன்று என்று எதையும் விடவில்லை. எழுத்தர் நெளிந்தார். பெஞ்சில் பேச்சு நின்றுபோனது.

“கோர்ட்ல வாய்தா வாங்கியே பழகிருச்சு. இங்கயும் வாங்கப் பாக்குது” என்றார் மாமா. சுற்றி நின்ற ஆண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அம்மா நிறுத்தவில்லை. இந்தக் கையெழுத்துக்குப் பிறகு அந்தக் கிணற்றில் ஒரு வாளி தண்ணீருக்கும் தனக்கோ தன் பிள்ளைகளுக்கோ பாத்தியதை இல்லை என்று, பத்திரத்தில் இருந்ததைப் பேச்சுத் தமிழாக்கி, பெஞ்சைப் பார்த்தே சொன்னாள். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி வந்தது. ‘எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, என் முழு மனச்சம்மதத்தோடு.’ அதை இரண்டு முறை படித்தாள். பிறகு பேனாவை மூடினாள்.

“இந்த வரி பொய், அண்ணே. இதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

மாமா கத்தியிருந்தால் அம்மா சமாளித்திருப்பாள். கத்துகிறவர்களைப் பார்ப்பதுதான் அவள் தொழில். அவர் கத்தவில்லை. குனிந்து என் காதுமடலை இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்துக்கொண்டார்.

“அப்பச் சரி. மருமகளே, நீ வெறுங்காதோடயே இருந்துக்க. ஒங்கம்மாவுக்குக் காடுதான் வேணுமாம்.”

எனக்கு அழுகை பீறிட்டது. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, அத்தனை பேர் முன்னால் சொன்னேன்: “போட்ரும்மா. ஒனக்கு எதுக்குக் காடு?”

இந்த நான்கு சொற்களை இத்தனை வருடத்தில் ஒரு நாட்குறிப்பிலும் எழுதியதில்லை. இன்றுதான் எழுதுகிறேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு பேனாவைத் திறந்து, புள்ளி வைத்த இடங்களில் எல்லாம் போட்டாள். நகலில் கையெழுத்து நேராகத்தான் இருக்கிறது. ஒரு எழுத்துகூட நடுங்கவில்லை.

அப்போது பெஞ்சின் கடைசியில் இருந்த, மஞ்சள் சேலை கட்டிய அம்மாள் எழுந்து வெளியே நடந்தார். அவருடைய தம்பி ‘யக்கா, யக்கா’ என்று பின்னாலேயே ஓடினார். இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் அலுக்காது என்று நினைத்தேன். மாமா எனக்குப் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு சாகும்வரை, முகூர்த்த நாள் தவறாமல், அம்மா ஏதாவது ஒரு பதிவு அலுவலகத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, கேட்ட பெண்களுக்கெல்லாம் பத்திரம் படித்துச் சொன்னாள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “எந்த விசேஷத்துக்காகம்மா கையெழுத்துப் போடுற?” காதுகுத்து, சடங்கு, மொய், வளைகாப்பு என்று பதில் வரும். அவள் நடத்திய பாகப்பிரிவினை வழக்குகளில் எதிர்த்தரப்பு வக்கீல்கள் நீங்களே எழுதிக் கொடுத்தவர்தானே என்று குத்திக்காட்டாத வருடம் இல்லை. ஆமாம், அதனால்தான் சொல்கிறேன் என்பாள். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை என்னைச் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

மாமா இப்போது அந்தப் புஞ்சையை மனைகளாக்கி விற்றுவிட்டார். விழாவில், என் தங்கச்சி யாருக்கும் பணியாதவள் என்று பேசப்போகிறார். அவர் குரல் தழுதழுக்கும், கூட்டம் கைதட்டும். எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நகலை எடுத்துக்கொண்டு போகிறேன். அவர் முன்வரிசையில் இருக்கும்போதே முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்கப்போகிறேன். ஐந்து நிமிடம் போதாது. மணியடித்தால் அடிக்கட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா மடியில் எனக்குக் காது குத்தினார்கள். திங்கட்கிழமை காலை எங்கள் வீட்டு வாசலில் மஞ்சள் சேலை அம்மாள் நின்றிருந்தார். அதே புதுச்சேலை, மூன்றே நாளில் கசங்கிப்போயிருந்தது. கையில் மடித்த பத்திரம்.

“பத்தரத்தச் சத்தமாப் படிச்ச அம்மா வீடு இதுதானா பாப்பா?”

ஆமாம் என்றேன். ஆனால் எங்கள் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாளே என்று சொல்லி, கம்மலைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன்.

“தெரியும் தாயி. எதுக்குப் போட்டாகன்னும் பாத்தேன்.”

அம்மா வெளியே வந்தாள். அவரை அப்பாவின் நாற்காலியில் உட்காரவைத்து, பத்திரத்தை வாங்கிப் பிரித்து, முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். எனக்குக் காது விண்விண் என்று வலித்துக்கொண்டிருந்தது. ஒரே மாதிரி வரிகளை எத்தனை தடவைதான் படிப்பாள் என்ற எரிச்சலில், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.