கத்தரிப்பூ நிறம்

என் மகள் புதுச்சேரியில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறாள். நான் எட்டாவதோடு நின்றவள். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் அடிக்கிறேன். இரும்பில் துரு ஏறுகிற மாதிரி நம் உடம்புக்குள்ளேயும் ஒன்று நடக்கிறதாம். வைட்டமின் ஈ அதைத் தடுக்குமாம், ஆனால் வேண்டிய இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேராதாம். அதனால் அதே வைட்டமினைக் கொஞ்சம் மாற்றி, புதுசாக ஒரு மருந்து செய்து பார்க்கிறாள். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

செய்ததெல்லாம் வீணாகிக்கொண்டே வந்தது. மாசி மகத்துக்கு வந்தவள் தேர்கூடப் பார்க்கவில்லை. "இந்தத் தடவையும் வேலை செய்யலைன்னா வேற தலைப்பு எடுக்கச் சொல்லிடுவாங்கம்மா" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

புதுச்சேரிக்குத் திரும்பினபின் ஒரு நாள் சாயங்காலம் போனில் முகத்தைக் காட்டினாள். கையில் சின்னக் கண்ணாடிக் குழாய், அதில் அழகான கத்தரிப்பூ நிறத்தில் தண்ணீர். "நாளைக்கு என் மருந்தை இதுல வுடப்போறேன். வேண்டிக்கோம்மா." அதற்குள் யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

எங்கள் வேலையில் கத்தரிப்பூ நிறம்தான் ரொம்பப் படுத்தும். பிள்ளையார் பொம்மையின் வேட்டிக்கு அதை அடித்துச் சூளைக்கு அனுப்பினால், சூடு கொஞ்சம் கூடினாலும் வெளுத்துப்போய் வரும். அத்தனையும் கழிவு. அதனால் மறுநாள் காலையிலேயே கோயிலில் பள்ளத்துக்குள் இருக்கிற ஆழத்துப் பிள்ளையாரிடம் படியிறங்கிப் போய், "சாமி, அந்தக் கலரு துளிகூடப் போவக் கூடாது" என்று கண்ணை மூடிக் கேட்டேன். தேங்காயும் உடைத்தேன்.

மத்தியானம் பட்டறையில் சோறு பிசையும்போது போனில் அவள் முகம் வந்தது.

"அம்மா! கலரு போயிடுச்சும்மா! சுத்தமா போயிடுச்சு!"

இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "வுடுடி கண்ணு. பொறப்பட்டு வூட்டுக்கு வந்துடு, அப்புறம் பாத்துக்கலாம்."

"எதுக்கு வரணும்? ஏம்மா அழுவுற?"

"போயிடுச்சுன்னு நீதானே சொன்ன?"

"ஐயோ, போவணும்மா! அந்தக் கலருதான் துரு ஏத்துற ஆளு, அது போனாத்தான் மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். இங்க பாரு!" குழாயை ஆட்டிக் காட்டினாள். மஞ்சள் கரைத்த தண்ணீர் மாதிரி பளிச்சென்று இருந்தது. அவளுக்குப் பின்னால் யாரோ கைதட்டினார்கள்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் பொம்மை துடைத்துக்கொண்டிருந்த அக்காவும் ஓடி வந்தாள். விஷயம் கேட்டதும், "அப்போ என் மூட்டு வலிக்கு எப்போடி கெடைக்கும்?" என்றாள்.

"இன்னும் மருந்தே ஆவலீங்க பெரிம்மா. மொதல்ல ஒடம்பு செல்லுல வுட்டுப் பாக்கணும், அப்புறம் எலி, அப்புறந்தான் மனுஷங்க. எவ்ளோ வருஷமோ!" என்று மகள் சிரித்தாள். எங்களுக்கு அது காதில் ஏறவே இல்லை. சோற்றுக் கையோடு அப்படியே கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் நான் வேண்டிக்கொண்டதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லவேளை, புள்ளையாரு ஒன் பேச்சைக் கேக்கல. கேட்டிருந்தா பொண்ணு பொழப்பு போயிருக்கும்."

அன்றைக்கே திரும்பவும் கோயிலுக்குப் போனோம். நான் கேட்டதைத் தராததற்காக இன்னொரு தேங்காய். கும்பிடுவதற்கு முன்னால் மகளுக்குப் போன் போட்டேன்.

"அடுத்தது என்னாடி? தெளிவா சொல்லு."

"மருந்து வுட்டப்புறமும் செல்லுங்க உயிரோட இருக்கணும்மா."

"இருக்கணும்தானே? சாவக் கூடாதுதானே?"

"ஆமாம்மா!"

இரண்டு தடவை கேட்டுக்கொண்டுதான் படியிறங்கினேன்.