மூடிய கதவுக்கு வெளியே ஒரு பிரம்பு

சிங்கப்பூரில் அடுத்தவன் அடுப்பில் என்ன வேகிறது என்று விசாரிப்பதும் ஓர் உத்தியோகம். யாழ்ப்பாணத்தில் அப்படிக் கேட்பவனைக் கண்டால் வேலிப் படலையைச் சாத்திவிடுவோம். இங்கே ஒரு வெள்ளைக்காரத் துரை அதற்கென்றே கப்பலேறி வந்திருக்கிறார். கூலிகளின் வாழ்க்கையை அவர்கள் வாயாலேயே கேட்டுப் புத்தகம் எழுதப் போகிறாராம். அவருடைய இங்கிலீசைத் தமிழாக்குவது என் வேலை.

போன வாரம் சிராங்கூன் சாலையில், மாட்டுக் கொட்டில்களுக்குப் பின்னால், கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குப் போனோம். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பேசினால்தான் பயமில்லாமல் உண்மை வரும் என்பது துரையின் முறை. ஊரில் நான் கோர்ட்டில் மொழிபெயர்த்த நாட்களில், சாட்சி சொல்பவன் வாயைத் திறந்தால் அவன் சொந்தபந்தம் அத்தனையும் பின்னால் நின்று செருமும். அவன்மேல் கை வைக்க எதிராளி யோசிப்பான். அதனால் இந்த மூடிய கதவு எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லியும் பார்த்தேன். துரை சிரித்தார்.

வெளியே மர நிழலில், கூலிகளை மேய்க்கும் கங்காணி பிரம்போடு உட்கார்ந்திருந்தான். முதலில் வந்தவர்கள் எல்லாரும் "ஒரு கொறையும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, போன சூட்டோடு திரும்பினார்கள். வேலு மட்டும் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினான். பட்டினி போட்டது, உதைத்தது எல்லாம் சொன்னான். துரையின் தேநீர் ஆறிப்போனது. கங்காணிக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. எவன் நெடுநேரம் உள்ளே இருந்தான் என்று பார்த்தால் போதாதா? வேலு வெளியே போனதுமே அவன் குரல் கேட்டது.

"அம்புட்டு நேரம் என்னடா கதை பேசுன?"

அலறல் கேட்டு நாங்கள் ஓடினோம். கிணற்றடியில் வேலு குப்புறக் கிடந்தான். பழைய தழும்புகள் பிளந்து இரத்தம் சேற்றில் வழிந்தது. துரை கத்தியதும் கங்காணி பிரம்பைத் தாழ்த்தி, பணிவாகச் சலாம் போட்டான். துரையோ என் பக்கம் திரும்பி, "அடி விழும்போது மனத்தில் என்ன தோன்றியது என்று கேளும்" என்றார். அவர் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது.

நான் கேட்கவில்லை. மிச்சமிருந்தவர்களை உள்ளே அழைத்தபோது ஒவ்வொருவரிடமும், "ஒண்டும் சொல்ல வேண்டாம். நான் சொல்லும் வரைக்கும் எழும்பாதை" என்றேன். எல்லாரும் வேலு இருந்த அளவுக்கு இருந்தார்கள். ஒருவன் சுவரைப் பார்த்தான். ஒருவன் அழுதான். இந்த மௌனத்துக்கு என்ன பொருள் என்று துரை தலையைப் பிய்த்துக்கொண்டார். வெளியே யாரை அடிப்பதென்று தெரியாமல் கங்காணி கொதித்தான்.

கடைசி ஆளை அனுப்பக் கதவைத் திறந்தேன். பிரம்பு என் வாயில் விழுந்தது. பல் உதட்டைக் கிழித்தது.

"எந்த ஊர்க்காரன்டா நீ, எங்க ஆளுங்களத் தூண்டிவிட?"

துரை பேனாவோடு ஓடி வந்து, "என்ன சொல்கிறான்?" என்றார்.

"எந்த ஊர் என்று கேட்கிறான்."

"சொல்லிவிடும், அதிலென்ன?"

இரத்தத்தைத் துப்பினேன். "இந்த லயம்தான்" என்று தமிழில் சொன்னேன். துரைக்கு அதை மொழிபெயர்க்கவில்லை. லயத்தார் ஒருவரும் நம்பவில்லை. தாழ்வாரத்தில் கிடத்தியிருந்த வேலு மட்டும் முனகிக்கொண்டே நகர்ந்து, தன் பாயில் எனக்கு இடம் விட்டான். அதில் உட்காரவும் துணியாமல், துரையின் வண்டியில் ஏறவும் மனமில்லாமல், நான் வாசற்படியிலேயே நின்றேன்.