பேசாத பிள்ளையும் நான்கு விடைகளும்

இன்று லிட்கம் ஸ்டேஷனில் ரயில் ஏறியதும் போனைத் திறந்து பயிற்சிக் கேள்விகளைச் செய்யத் தொடங்கினேன். குழந்தைகள் நலத் தாதிக்கான தேர்வு நெருங்கிவிட்டது.

"இரண்டு வயதுப் பிள்ளை இன்னும் ஒரு சொல்லும் பேசவில்லை. முதலில் என்ன செய்வீர்கள்?"

நான்கு விடைகள். எனக்கு நான்குமே சரி போலத் தெரிந்தன.

பக்கத்தில் மகனை மடியில் வைத்திருந்த பெண் என் போனை எட்டிப் பார்த்து மெல்லக் கேட்டார். "அக்கா, உங்கட பிள்ளையும் கதைக்கிறேல்லையோ?"

"இல்லைத் தங்கச்சி, இது என்ர சோதனைக்கு."

"இவனுக்கும் ரெண்டு வயசு. ஒண்டும் கதைக்கேல்லை. ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைக்கும் எண்டு மாமி சொல்லுறா. அதில என்ன விடை போட்டிருக்கு?"

'சில மாதம் பொறுத்துப் பார்க்கலாம்' என்பதை அழுத்தினேன். பிழை என்று சிவப்பு விழுந்தது. சரியான விடை, காது கேட்கிறதா என்று உடனே பரிசோதிப்பது.

அவர் மகனைப் பெயர் சொல்லி அழைத்தார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவன் திரும்பவில்லை. கேட்கவில்லையா, வேடிக்கையில் மூழ்கிவிட்டானா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நான் இன்னும் பாஸ் பண்ணேல்லை," என்றேன். "ஆனா டொக்டரிட்டச் சொல்லிக் காதை டெஸ்ட் பண்ணுவியுங்கோ."

"ஓம் அக்கா."

பரமட்டாவில் இறங்கியவர் பிளாட்பாரத்தில் நின்றபடியே டாக்டருக்குப் போன் செய்தார். இன்றைக்கே நேரம் கிடைக்குமா என்று அவர் கேட்பது கதவு மூடும்வரை காதில் விழுந்தது.

தேர்வு எழுதியவர்கள் யாராவது சொல்லுங்கள். கேள்வியில் பிழை விட்டேன், தாய்க்குச் சரியாகச் சொன்னேன். எனக்கு எத்தனை மார்க்ஸ் போடுவீர்கள்?